கட்டில் யாருக்கு?

எங்கள் பக்கத்தில் அரசாங்க ஆஸ்பத்திரியைத் 'தர்மாஸ்பத்திரி' என்று சொல்கிற கிழங்கள் இன்னும் சிலர் இருக்கிறோம். காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் இடம் என்று பொருள். தர்மத்துக்கு இனாம் என்று ஓர் அர்த்தம், நியாயம் என்று ஓர் அர்த்தம். முதல் தர்மத்தை டாக்டரும் சிஸ்டரும் மருந்து கொடுப்பவரும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டாவதைப் பார்ப்பது யார்? கொரோனா போய் இத்தனை நாளான பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கேள்வியைச் சுருக்கியே கேட்கிறேன். இரவு இரண்டு மணி. ஆக்சிஜன் குழாய் உள்ள கட்டில் ஒன்றுதான் காலி. வாசலில் இரண்டு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். கட்டில் யாருக்கு? யார் முடிவு செய்வது? செய்த முடிவை வெளியே வந்து சொல்வது யார்?

2021 ஏப்ரல் கடைசியையும் மே மாதத்தையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 26-ஆம் தேதி, அப்போது முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். மூடிக் கிடந்த தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க விடலாமா என்று பேசுவதற்கு. மறுநாள் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. மே மாதத்தில் அதே நீதிமன்றம், எந்த மாநிலத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் என்று ஆராய்ந்து சொல்ல 12 பேர் கொண்ட தேசியப் பணிக்குழுவை அமைத்தது. எல்லாம் சரிதான், குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். டேங்கர் லாரி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேரும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கூட்டம், ஒரு குழு, ஓர் ஆணை. வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு அந்த ஆக்சிஜன் எந்த மூக்குக்கு என்று முடிவு செய்ய, இருபத்தாறு இருபத்தேழு வயதில் டியூட்டி டாக்டர் ஒருவர். கூட ஒரு சிஸ்டர். அவ்வளவுதான்.

தமிழக அரசு சும்மா இருந்ததென்று யாரும் சொல்ல முடியாது. சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் 'வார் ரூம்' என்று ஒன்று திறந்தார்கள். 104-க்குப் போன் போட்டால் எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று பார்த்துச் சொன்னார்கள். புதிதாக முதல்வரான ஸ்டாலின் மே 14-ஆம் தேதி இரவு அங்கே போய், வந்த அழைப்பைத் தானே எடுத்துப் பேசினார். டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் படுக்கை எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது சொன்னது. இருக்கிற ஒன்று யாருக்கு என்பது அதன் வேலை அல்ல.

அந்த நாட்களில் ஜனங்களுக்கு இருந்த பயத்தையும் சொல்ல வேண்டும். மே 4-ஆம் தேதி இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 பேர் இறந்துபோனார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததுதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். தட்டுப்பாடே இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலிலும் யார் சொன்னதையும் யாரும் நம்பத் தயாராக இல்லை.

எங்கள் குடும்பத்திலும் நடந்தது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியிலும் நடந்திருக்கும்.

என் மைத்துனர், மனைவியின் தம்பி, சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை ஒன்றில் முப்பது வருஷம் போர்மேனாக இருந்தவர். அப்போது அவருக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்சிஜன் 82, 83 என்று காட்டியது. அவர் மகன் காரை எடுத்தான். நானும் போனேன். வயதைக் காரணம் காட்டி என்னைத் தடுத்தார்கள், கேட்கவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குப் பத்து நிமிஷம் முன்னாலோ பின்னாலோ ஆட்டோவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். முப்பது முப்பத்திரண்டு இருக்கும். நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளை. சரம் பின்னுகிறவள் என்று பார்த்ததுமே மைத்துனருக்குத் தெரிந்திருக்கும், பேசும் நிலையில்தான் அவர் இல்லை.

கவச உடைக்குள் இருந்த டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். உள்ளே போனார். பிறகு அந்தப் பெண்ணைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மைத்துனரை வராந்தாவில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து ஒரு சிலிண்டரைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். விடிந்து ஆறரைக்குத்தான் கட்டில் கிடைத்தது. அந்த ஏழு மணி நேரமும் எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இல்லை. ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார்.

அந்த டாக்டர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு மூச்சு இவரைவிட மோசமாக இருந்தது. பிழைக்கும் வாய்ப்பும் அவளுக்கு அதிகம். ஆனால் என் மனைவியும் அவளைச் சேர்ந்தவர்களும் வேறு மாதிரி நம்புகிறார்கள். அந்தப் பெண்ணுக்காக யாரோ போன் போட்டார்கள், கட்சிக்காரர் சிபாரிசு என்று. சரம் பின்னுகிற கூலிக்காரிக்கு நடுராத்திரியில் எந்தக் கட்சிக்காரன் போன் போடுவான்? கேட்டால் பதில் இல்லை, ஆனால் நம்பிக்கையும் போகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் வீட்டில் தீபாவளிக்குப் பட்டாசுப் பெட்டியைப் பிரித்தால் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. என் கையில் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 'இன்ன காரணத்தால் இவருக்கு முதலில் கொடுக்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி எங்காவது எழுதியிருந்தால் நான் அதை வாங்கி என் மனைவியிடம் காட்டியிருப்பேன்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் பேனா பிடித்தவன். எங்கள் அலுவலகத்தில் ஒரு முதியோர் பென்ஷன் மனுவைத் தள்ளுபடி செய்தால்கூட ஏன் என்று எழுத வேண்டும். காரணம் எழுதாத ஆணை கோர்ட்டில் நிற்காது. காரணம் எழுதிய ஆணையை ஆங்கிலத்தில் 'பேசும் ஆணை' என்பார்கள். பெயரைப் பாருங்கள், காகிதம் பேச வேண்டுமாம்! மாதம் சில நூறு ரூபாய்க்கு இத்தனை விதி இருக்கிற நாட்டில், மூச்சுக்கு ஒரு வரி கிடையாது.

இதே மைத்துனரின் மகன் மதுரையில் ரெம்டெசிவிர் வரிசையில் நின்ற கதை தனி. முதலில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மட்டும் அரசு விற்றது, பிறகு மதுரை போன்ற ஊர்களுக்கும் வந்தது. வெயிலில் நாள் கணக்கில் நின்றார்கள், நகையை அடகு வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. அந்த மருந்தை ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுக்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது. அதை அந்த வரிசையில் நின்றவர்களிடம் யார் சொன்னார்கள்? டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார், எழுதாவிட்டால் 'கைவிட்டுவிட்டார்' என்று பேர் வரும். உண்மையை நிதானமாக எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தால், எத்தனையோ தாலி அடகுக் கடைக்குப் போயிருக்காது.

நம் பகுதிக்கு இந்த விஷயம் புதிது என்று நினைக்காதீர்கள். கட்டில் யாருக்கு என்ற கேள்வியை சிவகாசி, சாத்தூர் ஜனங்கள் பார்த்த அளவுக்குத் தமிழ்நாட்டில் வேறு யாரும் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில், நாற்பதை ஒட்டி உயிர்கள் போயின. உதவிக்கு ஓடிவந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அதில் உண்டு. கொரோனாவுக்கு நடுவிலேயே 2021 பிப்ரவரி 12 அச்சன்குளத்தில், இருபதுக்கும் மேல். இடையில் எத்தனையோ சின்னதும் பெரியதும். வெடிவிபத்து என்றதும் ஆஸ்பத்திரி வாசலில் நம் ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை பர்சன்ட்?' என்பதுதான். ஒரு கை முழுவதும் வெந்தால் ஒன்பது, முதுகு முழுவதும் பதினெட்டு என்று டாக்டர்கள் போடும் கணக்கு, இங்கே எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும். முப்பது என்றால் மூச்சு விடுவாள். எண்பது என்றால் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவாள்.

நான் சர்வீசில் இருந்தபோது விபத்து நடந்த நாட்களில், நிவாரணப் பட்டியல் எழுத ஆர்.ஐ.யோடு ஆஸ்பத்திரிக்குப் போவேன். பெயர், தகப்பனார் பெயர், ஊர், காயம் எத்தனை சதவீதம். ஒரு தடவை பார்த்தது இன்னும் மறக்கவில்லை. இருந்த ஆம்புலன்ஸ் ஒன்றோ இரண்டோ. மதுரைப் பெரியாஸ்பத்திரி எழுபது கிலோமீட்டருக்கு மேல். அன்றைக்குப் பணியில் இருந்த பெரிய டாக்டர் தானே வாசலுக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இந்த மூணு பேரை மதுரைக்கு அனுப்புறேன். அங்க போனா இவங்களுக்குப் பலன் இருக்கு. இந்த ரெண்டு பேரும் இங்கேயே இருக்கட்டும். வலி தெரியாம நான் பாத்துக்கிறேன். சொந்தக்காரங்க பக்கத்துல வந்து உக்காருங்க." யாருக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் புரிந்தது. அழுதார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆனால் அந்த டாக்டர் மேல் ஒரு கை படவில்லை. அவர் காசு வாங்கினார், ஜாதி பார்த்தார் என்று இன்றுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஏனென்றால் எல்லோர் கண் முன்னாலும் நடந்தது, காரணமும் காதில் விழுந்தது.

கொரோனாவில் அந்த வாசல் அடைக்கப்பட்டது. தொற்று, வேறு வழியில்லை. சொந்தக்காரர் உள்ளே போக முடியாது, டாக்டரின் முகமும் தெரியாது. விபத்து என்றால் ஒரு ராத்திரி. இது வாரக்கணக்கில் ராத்திரிகள். அதனால்தான் வெடிவிபத்தில் தேவைப்படாத ஓர் ஏற்பாடு கொள்ளை நோயில் தேவைப்படுகிறது. கதவு மூடியிருக்கும்போது காரணத்தைக் காகிதத்தில்தான் வெளியே அனுப்ப முடியும்.

இப்படித் தரம் பிரிப்பதற்கு இப்போது ஆஸ்பத்திரிகளில் 'ட்ரையாஜ்' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் சின்ன வயதில் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அப்பா போன பிறகு அம்மாவின் ஊரான விருதுநகருக்கு வந்து சேர்ந்தவன். அந்தச் சொல் பிரெஞ்சுச் சொல். 'த்ரியாஜ்' என்று சொல்ல வேண்டும். 'ட்ரையாஜ்' என்பது எங்கள் முசியே காதில் விழுந்தால் பிரம்பு ஒடிந்திருக்கும். பொறுக்கிப் பிரிப்பது என்று பொருள். கம்பளியைப் பிரிப்பதற்கும், காப்பிக்கொட்டையில் நல்லதையும் உடைசலையும் பிரிப்பதற்கும் வழங்கிய சொல். காப்பி வியாபாரத்தில் உடைந்த கொட்டைக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. நம் விருதுநகர் பேட்டையில் மல்லியும் வத்தலும் பருப்பும் தரம் பிரிக்கிற வேலை. மனிதரைப் பிரிக்க அந்தச் சொல்லைப் போர்க்களத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். நெப்போலியன் படையில் லாரே என்று ஒரு பெரிய அறுவை மருத்துவர் இருந்தார். ஆபத்தான காயக்காரனுக்கு முதலில் வைத்தியம். அவன் சிப்பாயா தளபதியா என்று பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்த முறை. எதிரிப் படைக் காயக்காரனையும் பார்த்தார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னது. நம் ஊரில் இன்னும் 'சார் யாரு தெரியுமில்ல?' என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போனார்கள். அங்கே மருத்துவம், உயிரியல் சம்பந்தப்பட்ட தர்ம நியாயங்களைப் பார்க்க 1983-லிருந்து தேசிய அறநெறிக் குழு ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் 13-ஆம் தேதி, ஊரடங்கு வருவதற்கு முன்பே, அந்தக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. அரைகுறையாக மறந்துபோன பிரெஞ்சை வைத்துக்கொண்டு, அகராதி துணையோடு நான் அதைப் படித்தேன். நோயாளிகளைத் தரம் பிரிக்க வேண்டிய நிலை வரலாம், அது நீதிப் பங்கீட்டைப் பற்றிய பெரிய கேள்வி என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அதற்காக, டாக்டர்களைத் தாங்கிப் பிடிக்கச் சிறு அறநெறிக் குழுக்கள் அமைக்க வேண்டும் என்றார்கள். அந்தத் 'தாங்கிப் பிடிக்க' என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. டாக்டருக்கு உத்தரவு போடவோ அவர் தப்பைக் கண்டுபிடிக்கவோ ஏற்பட்ட குழு அது இல்லை. வீட்டுச் சுவர் சாய்ந்தால் முட்டுக் கொடுக்கிறோமே, அந்த மாதிரி.

குழு என்று வைத்துவிட்டால் தர்மம் தானாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 1960-களின் தொடக்கத்தில் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் புதிதாக வந்தது. இயந்திரம் கொஞ்சம், நோயாளிகள் அதிகம். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். வக்கீல், பாதிரியார், பேங்க்காரர், குடும்பத் தலைவி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர், மாநில அரசு அதிகாரி ஒருவர். (எங்கே போனாலும் எங்கள் ஆள் ஒருவர் உண்டு.) இவர்கள் வருமானத்தைப் பார்த்தார்கள், கல்யாணம் ஆனவரா, பிள்ளைகள் எத்தனை, கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவரா என்று பார்த்தார்கள். 1962-இல் 'லைஃப்' பத்திரிகை அதை எழுதியதும் நாடே அதிர்ந்தது. ஒரு மனிதனின் மூச்சை அவனுடைய நன்னடத்தைச் சான்றிதழை வைத்து அளப்பதா என்று கேட்டார்கள். கடைசியில் 1972-இல் அந்த அரசாங்கமே டயாலிசிஸ் செலவை ஏற்கச் சட்டம் போட்டது. இயந்திரங்கள் பெருகின, குழுவுக்கு வேலை இல்லாமல் போனது.

ஆகவே முதல் வேலை கட்டிலைக் கூட்டுவதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. விருதுநகருக்கு 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி வந்தது. கூடவே மருத்துவர்களும் வந்தார்கள். நல்லதே. ஆனால் எத்தனை கட்டில் போட்டாலும் ஒரு ராத்திரி எல்லாம் நிறைந்துவிடும். அந்த ராத்திரிக்குத்தான் பேசுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், நம் நாட்டில் இதற்கு மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. மனிதர்களை வைத்து மருத்துவ ஆராய்ச்சி நடத்தும் இடத்தில் அறநெறிக் குழு கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி அதன் தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். டாக்டரும் விஞ்ஞானியும் அல்லாத ஒரு சாதாரண மனிதரும் வேண்டும். கொரோனா காலத்தில் அந்தக் குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் தனிக் கையேடே வந்தது. அதாவது, என் உடம்பில் ஒரு புது மாத்திரையைச் சோதிக்க வேண்டுமானால் என்னைப் போன்ற சாதாரணன் ஒருவன் குழுவில் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். எனக்குக் கட்டில் உண்டா இல்லையா என்பதற்குக் கிடையாது.

இன்னொரு மாதிரியும் உண்டு. 2018 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பிழைக்க வழியில்லாத நிலையில் செயற்கை உயிர்காப்பு வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றது. 2023 ஜனவரி 24-ஆம் தேதி அதன் விதிகளை எளிதாக்கியது. இப்போது நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் கையெழுத்து போதும். ஆஸ்பத்திரியில் ஒரு மருத்துவக் குழு பார்த்துச் சொல்லும், இரண்டாவது குழு சரிபார்க்கும். ஒவ்வொன்றுக்கும் 48 மணி நேரத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு, நம் வயதுக்காரர்கள் அவசியம் விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டியது. ஆனால் வாசலில் மூச்சுத் திணறுகிறவனுக்கு 48 நிமிஷம்கூடக் கிடையாது. அவனுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

என்ன ஏற்பாடு? பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில், அந்த நோயாளிக்கு வைத்தியம் பார்க்காத மூத்த டாக்டர் ஒருவர், மூத்த சிஸ்டர் ஒருவர், வெளி ஆள் ஒருவர். மூன்று பேரும் ராத்திரி போனில் கிடைக்க வேண்டும். டியூட்டி டாக்டர் தனியாகச் சுமக்காமல் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு முடிவு எடுக்கட்டும். நேரமில்லை என்றால் முதலில் முடிவு எடுக்கட்டும், காலையில் குழு பார்க்கட்டும். முடிவு எடுப்பது டாக்டர்தான்; குழு முட்டுக் கொடுக்க. வரிசை எப்படி என்பதை நோய் வருவதற்கு முன்பே எழுதி, தமிழில், வாசலில் ஒட்ட வேண்டும். பணம், பதவி, ஜாதி, சிபாரிசு எதுவும் கணக்கில் வராது என்று கொட்டை எழுத்தில். மூன்றாவதாக ஒரு நோட்டு. ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நலச் சங்கம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதன் கீழேயே இதை வைத்துக்கொள்ளலாம், புது அலுவலகமும் புது மேஜையும் வேண்டாம்.

கட்டில் கிடைக்காதவர் பக்கத்திலும் ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பதை விட்டுவிடக் கூடாது. அந்தப் பழைய டாக்டர் சொன்னாரே, வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று. பட்டியலில் இரண்டாவதாகப் போனவருக்கு வைத்தியம் முடிந்துவிடவில்லை. என் மைத்துனருக்கு அந்த ஏழு மணி நேரத்தில் ஒரு டம்ளர் வெந்நீர் கொடுத்தது பக்கத்துக் கட்டிலுக்குக் காத்திருந்த இன்னொரு நோயாளியின் மகள்.

வயதைப் பற்றிக் கேட்பீர்கள். 2020 மார்ச்சில் இத்தாலியின் மயக்க மருந்து மருத்துவர் சங்கம், தீவிர சிகிச்சைக்கு வயது வரம்பு வைக்க வேண்டி வரலாம் என்று எழுதியது. எழுபதைத் தாண்டிய எனக்கு அதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது என்பதை மறைப்பானேன். ஆனால் இளையவருக்கு முன்னுரிமை கூடாது என்று நான் வாதாடப் போவதில்லை. கேட்பது ஒன்றுதான். என் நுரையீரலையும் இருதயத்தையும் பார்த்து என்னைப் பின்னால் தள்ளுங்கள், ஆதார் அட்டையில் உள்ள பிறந்த வருஷத்தைப் பார்த்துத் தள்ளாதீர்கள். என் தெருவில் எண்பது வயதில் தினமும் ரயிலடி வரை நடந்து போகிறவர் இருக்கிறார். ஐம்பதில் படி ஏற முடியாதவரும் இருக்கிறார், மருந்து அறையில் இருபது வருஷம் பொடியைச் சுவாசித்தவர். அவரை 'நுரையீரல் கெட்டவர்' என்று தள்ளினால் அதிலும் ஓர் அநியாயம் இருக்கிறது. தீபாவளி நமக்கு, நெஞ்சுச் சளி அவருக்கு. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்காகவே நாலு பேர் உட்கார்ந்து முன்கூட்டிப் பேச வேண்டும் என்கிறேன். பட்டாசுத் தொழிலாளி ஒருவர் அந்த நாலு பேரில் இருந்தால் நல்லது.

மாலையில் தெப்பக்குளத்துப் பக்கம் என்னோடு உட்காரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருக்கு எதிலும் ஒரு ஆட்சேபம் உண்டு. "நீங்க கமிட்டின்னு சொன்னதும் நாளைக்கே அதுல வட்டமும் மாவட்டமும் வந்து உக்காந்துரும். சிபாரிசுக்குன்னே ஒரு ஆபீஸ் திறந்த மாதிரி ஆகும்" என்றார். உண்மைதான், அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதற்குத்தான் நோட்டு. யார் போன் போட்டார்கள் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்கிறேன். எழுதுகிறார்கள் என்று தெரிந்தால் போன் பாதியாகக் குறையும். எங்கள் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். வாய்மொழியாக எதையும் செய்யச் சொல்கிற பெரிய மனிதர்கள், 'ஐயா, உங்க பேரைக் குறிப்புல எழுதிக்கிடட்டுமா?' என்று கேட்டால் 'வேணாம் வேணாம், சும்மா கேட்டேன்' என்று போய்விடுவார்கள்.

"கோர்ட்டுல அந்த நோட்டை வச்சே டாக்டரைப் பிடிச்சிருவாங்களே?" என்றார் அடுத்து. எனக்குத் தெரிந்தவரை காரணம் எழுதிய குமாஸ்தா தப்பித்தான், எழுதாதவன் மாட்டினான். டாக்டருக்கும் அதே கதிதான் இருக்கும். நல்லெண்ணத்தோடு விதிப்படி எடுத்த முடிவுக்கு வழக்குக் கூடாது என்று அரசு ஒரு பாதுகாப்புக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கடைசியாகக் கேட்டார்: "அதெல்லாம் சரி, ராத்திரி ரெண்டு மணிக்கு வெளி ஆள் எவன் வருவான்?"

வெடிவிபத்து என்றால் ராத்திரி இரண்டு மணிக்கு வி.ஏ.ஓ. வந்தார், ஆர்.ஐ. வந்தார், தாசில்தார் ஜீப்பில் வந்தார். நான் சைக்கிளில் வந்தேன். இப்போது போன் இருக்கிறது, வீட்டை விட்டு வரக்கூட வேண்டாம். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். தலைமையாசிரியர் பெயரையும் சேர்த்துத்தான்.